லேப்டாப் கெட்டுவிட்டதா? நீங்களே திறப்பதா, கடைக்குக் கொடுப்பதா: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் அக்கா மகளின் லேப்டாப்புக்குப் போன வருடம் ஒரு விசித்திர வியாதி வந்தது. தட்டச்சு செய்துகொண்டே இருப்பாள், திரை பட்டென்று இருண்டுவிடும். பவர் பட்டனைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். அத்தான் அதைக் கடைக்கு எடுத்துப்போனார். கடையில் இரண்டு நாள் ஓடியது, ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே கதை. இரண்டாவது தடவை போனபோது கடைக்காரர், "மதர்போர்டுல எங்கேயோ லூஸ் இருக்கு, மாத்திடலாம்" என்று 420 வெள்ளி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன். லேப்டாப்பைத் தொடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் அசைன்மென்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இடது கையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வாட்ச் பட்டி. மணிக்கட்டு விசைப்பலகையின் இடது ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் திரை அணைந்தது. மூடியைச் சாத்தினால் தூங்கப்போக வேண்டும் என்பதற்காக லேப்டாப்பின் ஓரத்தில் காந்தத்தை உணரும் ஒரு சின்ன சென்சார் இருக்கும். பட்டியின் காந்தம் அதன்மேல் வந்ததும், மூடி சாத்தப்பட்டதாக அது நினைத்துக்கொண்டது. வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தாள். வியாதி போய்விட்டது.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. நோய் வீட்டில் இருந்தது, அவர் கைக்கு வந்தது லேப்டாப் மட்டும்தான். அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான்: என்ன கோளாறு என்று பார்ப்பது எப்போதும் உங்கள் வேலை. திறந்து சரிசெய்வது சில நேரம் மட்டும் உங்கள் வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் காரணமில்லாமல் திறந்து கெடுக்கிறார், இன்னொருவர் காரணமில்லாமல் கடையில் பணம் கொடுக்கிறார். கீழே உள்ளவற்றை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

படி 1: இந்த லேப்டாப் யாருடையது?

ஆபீஸ் கொடுத்ததென்றால் இத்தோடு நிறுத்திவிடுங்கள். ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட வேண்டாம், வெளிக்கடைக்கும் கொண்டுபோக வேண்டாம். உள்ளே வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி மேலதிகாரியிடம் பாடம் கேட்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

பிள்ளையின் பள்ளி லேப்டாப் என்றாலும் ஏறக்குறைய இதே பதில்தான். 2021 இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லோரிடமும் சொந்தக் கற்றல் சாதனம் வந்துவிட்டது. பள்ளி வழியாக வாங்கியவற்றோடு வாரன்டியும், பெரும்பாலும் காப்புறுதியும் சேர்ந்தே வந்திருக்கும். வாங்கிய நாளில் கையெழுத்துப் போட்ட தாளைத் தேடி எடுத்துப் படியுங்கள். கீழே போட்டு உடைத்ததுகூட அந்தக் காப்புறுதிக்குள் வரலாம். அப்பா ஆர்வத்தில் திறந்து பார்த்தது வருமா என்பது வேறு விஷயம்.

சொந்தமாக வாங்கியதென்றால் ரசீதின் தேதியைப் பாருங்கள். வாங்கி 6 மாதத்துக்குள் கோளாறு வெளிப்பட்டால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் சிங்கப்பூர்ச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. 2012 செப்டம்பர் 1-இல் நடப்புக்கு வந்த இந்த ஏற்பாட்டை 'லெமன் சட்டம்' என்பார்கள். கடையில் வாங்கிய பழைய லேப்டாப்புக்கும் இது உண்டு. ஆனால் நீங்களே திறந்து கிளறியிருந்தால் உங்கள் பக்க நியாயம் மெலிந்துவிடும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் என்றால் ஒரு கூடுதல் வேலை. தயாரிப்பாளரின் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். சில மாடல்களுக்கு வாரன்டி இந்தியாவுக்குள் மட்டும், சிலவற்றுக்கு உலகம் முழுக்க. "லீவுக்குப் போகும்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்த்துக்கலாம்" என்று ஒத்திப்போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தப்பில்லை, அங்கே கைவேலைக் கூலி குறைவு. ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் அதை விமானத்தில் ஏற்றவே கூடாது. அங்கிருந்து தனி பேட்டரி வாங்கி வருவதானால் கைப்பையில்தான் வர வேண்டும், அதுவும் 100 வாட் அவருக்குள். சாதாரண லேப்டாப் பேட்டரிகள் அந்த அளவுக்குள் அடங்கும்.

படி 2: ஆபத்து உண்டா?

லேப்டாப்பைச் சமதளமான மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் தட்டுங்கள். நொண்டி நாற்காலிபோல் ஆடுகிறதா? டச்பேட் க்ளிக் ஆகாமல் கல்லாகிவிட்டதா, அல்லது ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்கிறதா? மூடியைச் சாத்தினால் நடுவில் இடைவெளி தெரிகிறதா? அப்படியானால் அடியில் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து வையுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். காற்றைப் பிடுங்கிவிடுகிறேன் என்று ஊசியால் குத்துகிற வேலை வேண்டவே வேண்டாம், லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் பற்றிக்கொள்ளும். மெத்தை, சோபா, திரைச்சீலை எதுவும் அருகில் இல்லாமல், டைல்ஸ் தரையில் வைத்துவிட்டு, மாற்றித்தரும் இடத்துக்குப் போன் போடுங்கள். பழைய பேட்டரியை அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள். புளோக்கின் குப்பைக் குழாயில் போட்டுவிடாதீர்கள், அங்கே தீப்பிடித்தால் மாடி முழுக்கப் புகை.

உப்பிய பேட்டரியை வீட்டில் நீங்களே கழற்றலாமா? கழற்றிய ஆட்கள் இருக்கிறார்கள். நான் மாட்டேன். ஒட்டுப்பசையோடு ஒட்டியிருப்பதை நெம்பி எடுக்க வேண்டிய மாடலாக இருந்தால் இன்னும் நிச்சயமாக மாட்டேன்.

தேதாரிக் கொட்டிவிட்டால்? பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள், சார்ஜரை எடுங்கள், விரித்துக் கவிழ்த்து கூடாரம்போல் நிறுத்துங்கள். "வேலை செய்யுதா?" என்று போட்டுப் பார்க்கத் தோன்றும். அந்த ஒரு நிமிடத்தில்தான் பெரும்பாலான போர்டுகள் செத்துப்போகின்றன. அரிசி மூட்டைக்குள் வைப்பதில் பயனில்லை. தண்ணீர் காய்ந்தாலும் சீனியும் பாலும் உள்ளேயே நின்று உலோகத்தை அரிக்கும். சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். வெறும் தண்ணீர் என்றால் திறந்து, பேட்டரி இணைப்பை எடுத்து, ஓரிரு நாள் மின்விசிறிக் காற்றில் காயவிட்டுப் பார்க்கலாம். கோப்பி, தேதாரிக் என்றால் போர்டை வெளியே எடுத்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கடைக்குப் போங்கள்.

படி 3: உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள்

லேப்டாப் இன்னும் ஓடுகிறதென்றால், வேறு எதையும் செய்வதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் பிரதியெடுங்கள். பழைய சுழலும் டிஸ்க் உள்ள இயந்திரத்தில் 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் பிரதியெடுக்கும் முயற்சியைக்கூட நிறுத்திவிட்டு அணையுங்கள். ஓட ஓட அது இன்னும் கெடும். குழந்தை பிறந்த நாள் படங்கள் அதில் மட்டும்தான் இருக்கிறதென்றால் தரவு மீட்பு நிபுணரிடம் போங்கள். அந்த நிலையில் லேப்டாப்பின் விலை ஒரு பொருட்டே இல்லை.

பலர் மறந்துபோவது இன்னொன்று. இப்போதைய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், பிட்லாக்கர் என்பது அதுதான். போர்டை மாற்றினாலோ, பயாஸில் (விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) சில அமைப்புகளைத் தொட்டாலோ 48 இலக்கச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். இன்றைக்கே போனில் உள்நுழைந்து பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லையென்றால், போர்டு பிழைத்தாலும் படங்கள் போனதுதான்.

படி 4: திறக்காமலே கோளாறைக் கண்டுபிடிப்பது

இதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். எல்லாப் படிகளிலும் அதிகப் பணத்தை மிச்சப்படுத்துவது இதுதான்.

உயிரே இல்லை என்றால் சுவரிலிருந்து ஆரம்பியுங்கள். அதே பிளக்கில் டேபிள் ஃபேன் ஓடுகிறதா? நம் மூன்று முள் பிளக்கின் உள்ளேயே ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கிறது, அது போயிருந்தால் அடாப்டர் நன்றாகவே இருந்தும் பேசாது. சுவரிலிருந்து அடாப்டர் வரை வரும் அந்த மூன்று ஓட்டைக் கேபிளை மட்டும் வேறொன்றோடு மாற்றிப் பாருங்கள், எல்லா வீட்டு டிராயரிலும் ஒன்று கிடக்கும். ஊரிலிருந்து வந்த உருண்டை முள் பிளக்கைக் கன்வர்ட்டரில் சொருகிப் பயன்படுத்துகிறவர்கள், முதல் சந்தேகத்தை அந்தக் கன்வர்ட்டர் மேல் வையுங்கள். உள்ளே தளர்ந்து, பொறி பறந்து, கருகிப்போயிருக்கும்.

அடுத்து அடாப்டர். அதன் வயிற்றில் பொடி எழுத்தில் 19.5 வோல்ட், 3.33 ஆம்ப் என்பதுபோல் எழுதியிருக்கும். நண்பரிடம் இரவல் வாங்கிச் சோதிக்கும்போது வோல்ட் ஒத்துப்போக வேண்டும், ஆம்ப் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். யூஎஸ்பி-சி என்றால் இந்தத் தொல்லை இல்லை, லேப்டாப்பும் சார்ஜரும் தங்களுக்குள் பேசி வோல்ட்டைத் தீர்மானித்துக்கொள்ளும். வாட் போதுமா என்று மட்டும் பாருங்கள். போன் சார்ஜரைச் சொருகிவிட்டு "சார்ஜ் ஏறல" என்று சொல்லக்கூடாது. புதிதாக வாங்கினால் பாதுகாப்புச் சின்னம் உள்ளதையே வாங்குங்கள். கணினி அடாப்டர்களுக்கு அது இங்கே கட்டாயம்.

அடாப்டர் சரி, அப்போதும் உயிர் வரவில்லையா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைப் போட்டு இயக்குங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, குழம்பிப்போன சிப் தெளிவாகும். மந்திரம்போல் தோன்றும், ஆனால் அடிக்கடி பலிக்கும். விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் மினுக்கினாலோ, பீப் சத்தம் வந்தாலோ எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எது பழுது என்று லேப்டாப் தானே சொல்கிற மொழி அது, பொருள் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் அறை விளக்கை அணையுங்கள். போனின் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்து, கிட்டப் போய்ப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளிதான் போயிருக்கிறது. அடுத்து ஒரு எச்டிஎம்ஐ கேபிளால் வரவேற்பறை டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்தால் போர்டு நலம், கோளாறு திரையிலோ திரைக்குப் போகும் கேபிளிலோ. மூடியை மெல்ல அசைக்கும்போது கோடுகள் வந்து வந்து போனால் கேபிள் மேல் சந்தேகம். டிவியிலும் அதே கோடுகள் வந்தால் வருத்தமான செய்தி, போர்டில்தான் கோளாறு. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்துவிட்டுக் கடைக்குப் போகிறவரிடம் "போர்டு போச்சு" என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

மெதுவாக ஓடுகிறதென்றால் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? பழைய சுழலும் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போட்டதும் வேறு இயந்திரமாகிவிடும். ரேம் என்ற நினைவகம்தான் நிரம்பி வழிகிறதென்றால் அதைக் கூட்டலாம். இரண்டுமே இல்லை, பத்து நிமிடத்தில் சூடாகி விசிறி அலறி அதற்கப்புறம்தான் மெதுவாகிறது என்றால் தூசு. பெரிய சாலை ஓரத்து வீட்டில் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறீர்கள் என்றால் இரண்டு மூன்று வருடத்தில் விசிறிக்குப் பின்னால் பஞ்சு மெத்தையே கட்டியிருக்கும்.

பேட்டரி நிற்கவில்லையா? விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. புதிதாக இருந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மேக்கில் பேட்டரி அமைப்புகளுக்குள் போனாலே நிலைமையைச் சொல்லிவிடும்.

விண்டோஸ் நின்றுவிடுகிறது, நீலத்திரை வருகிறது, மென்பொருளா வன்பொருளா என்று தெரியவில்லை. ஒரு யூஎஸ்பியில் உபுண்டு மாதிரி ஏதாவது லினக்ஸைப் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே ஓடவிடுங்கள். அரைநாள் ஒழுங்காக ஓடினால் கோளாறு விண்டோஸிலோ டிஸ்க்கிலோ. அதிலும் தொங்கினால் ரேம், சூடு, போர்டு என்று தேட வேண்டும். விசைப்பலகையில் சில எழுத்துகள் விழவில்லை என்றால் வெளி யூஎஸ்பி விசைப்பலகையைச் சொருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் பழுது எங்கே என்பது தெளிவு. அவசரத்துக்கு அதை வைத்தே ஒரு மாதம் ஓட்டலாம், வெட்கமில்லை.

கடைசியாக, கோளாறு எங்கே, எப்போது வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் மட்டும் வருகிறதா, சார்ஜர் போட்டால் மட்டுமா, மடியில் வைத்தால் மட்டுமா? வாட்ச் பட்டி கதை நினைவிருக்கட்டும். காந்தம் வைத்த போன் உறையும் அதே வேலையைச் செய்யும்.

படி 5: இது என் கைக்கு அடங்குமா?

கீழ்ப்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை முழுசாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் பத்து விதம் இருக்கும். டெல், எச்பி, லெனோவோ மூன்றுமே பழுதுபார்ப்புக் கையேடுகளை இலவசமாகவே வெளியிடுகின்றன. எந்த ஸ்குரூவை எந்த வரிசையில் கழற்றுவது என்று படத்தோடு இருக்கும். ஐஃபிக்ஸிட் இணையதளத்தில் மேக்புக்குகளுக்கும் மற்ற பலவற்றுக்கும் படிப்படியான வழிகாட்டிகள் உண்டு. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒருமுறை படியுங்கள். ஏழாவது படத்தில் வயிற்றைக் கலக்கினால் அது உங்கள் வேலை இல்லை.

எஸ்எஸ்டி, ரேம், விசிறி சுத்தம், ஸ்குரூவால் பிடித்த பேட்டரி: இவை முதல் தடவை திறப்பவருக்கே முடியும். ஆனால் பாகம் வாங்கும் முன் அளவு பாருங்கள். எஸ்எஸ்டியில் 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242 கேட்கும் இடத்தில் அது உட்காராது. டிடிஆர்4 ரேமும் டிடிஆர்5 ரேமும் ஒன்றின் இடத்தில் ஒன்று போகாது. மெலிந்த லேப்டாப்புகள் பலவற்றிலும், இப்போதைய மேக்புக்குகளிலும் ரேம் போர்டோடு பற்றவைத்தே வரும். அங்கே மாற்றுவதற்கு எதுவுமே இல்லை.

திரை, விசைப்பலகை, கீல்: பொறுமைக்காரருக்கு முடியும். திரை வாங்கும்போது பின்னால் உள்ள கேபிள் 30 முள்ளா 40 முள்ளா என்று பார்க்காமல் வாங்கிவிட்டு, வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பியவர்கள் ஏராளம். சில மாடல்களில் விசைப்பலகையை எடுக்க மொத்த லேப்டாப்பையும் பிரித்து, கடைசியில் பிளாஸ்டிக் முளைகளை உருக்கி எடுக்க வேண்டும். கையேடு அதை முன்பே சொல்லிவிடும்.

பற்றவைப்பு தேவைப்படும் எதுவும், அதாவது ஆடும் யூஎஸ்பி-சி துளை, கருகிய சிப், போர்டில் ஷார்ட், இதெல்லாம் நுண்ணோக்கியும் சூட்டுக்காற்றுக் கருவியும் வைத்திருப்பவர் வேலை. சிம் லிம் டவரில் சால்டரிங் அயர்ன் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சொந்த லேப்டாப்பில் பழகாதீர்கள். பழைய ரேடியோவில் பழகுங்கள்.

படி 6: கணக்கு

உங்கள் மாடல், அதே வயதுள்ள லேப்டாப், பழைய பொருள்களை விற்கும் கரோசல் தளத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். நீங்கள் கொடுத்த விலையை மறந்துவிடுங்கள், அது போன பணம். என் வழக்கம் இது: பழுதுச் செலவு அந்தக் கரோசல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் யோசிக்காமல் சரிசெய்வேன். பாதியைத் தாண்டினால் விட்டுவிடுவேன். நடுவில் இருந்தால் அது ஆசையைப் பொறுத்தது. உதாரணமாக, 300 வெள்ளிக்குப் போகும் லேப்டாப்புக்குத் திரை மாற்றக் கடையில் 180 கேட்கிறார்கள், திரையை மட்டும் நீங்களே வாங்கினால் 90. கடைக்குக் கொடுத்தால் வேண்டாம், நீங்களே செய்தால் சரி. 'நானே செய்வதா' என்ற கேள்வி உண்மையில் இங்கேதான் முடிவாகிறது, துணிச்சலில் இல்லை.

வெளிநாட்டு இணையக் கடையில் பாகம் வாங்கினால் 9 சதவீதப் பொருள் சேவை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-இலிருந்து சின்னப் பார்சல்களுக்கும் அந்த வரி உண்டு. பாகம் வர இரண்டு வாரம் ஆனால் அதுவரை எதில் வேலை செய்வீர்கள் என்பதும் கணக்கில் சேர்த்திதான்.

இன்னொரு கேள்வி, இந்த லேப்டாப்புக்கு எதிர்காலம் உண்டா? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 2016-இல் வாங்கியதில் பேங்க் வேலையும் செய்யப்போகிறீர்கள் என்றால் புதுத் திரை போடுவதில் அர்த்தமில்லை. பாட்டி ஊர்ச் செய்தி பார்க்கவும் கோலங்களைத் தேடவும் மட்டும் என்றால் லினக்ஸைப் போட்டு, மலிவு எஸ்எஸ்டி ஒன்றை மாட்டிக் கொடுங்கள், பல வருடம் ஓடும்.

படி 7: கடைக்குப் போவதென்றால்

ரோச்சோர் எம்ஆர்டிக்குப் பக்கத்திலேயே சிம் லிம் ஸ்குவேர். பழுதுபார்க்கும் கடைகள் அங்கே மேல்மாடிகளில் நிறைய, தேக்கா வட்டாரத்திலும் உண்டு. ஒரே கடையோடு நிற்காமல் இரண்டு மூன்றில் கேளுங்கள். "லேப்டாப் ஓடல அண்ணே" என்று ஆரம்பித்தால் விலை உங்கள் முகத்தைப் பார்த்து வரும். "டிவியில படம் வருது, திரையில வரல. பேனலா கேபிளா பார்த்துச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் பேச்சே வேறு. இதற்குத்தான் நான்காவது படி.

கொடுப்பதற்கு முன் நான்கு விஷயம் கேட்பேன். பார்க்க மட்டும் எவ்வளவு, சரியாகாவிட்டால் அது திரும்ப வருமா? பாகம் ஒரிஜினலா, மாற்றா? செய்த வேலைக்கு எத்தனை மாத வாரன்டி? கழற்றிய பழைய பாகம் எனக்கே திரும்ப வருமா? கடைசிக் கேள்விக்குக் கடைக்காரர் தயங்கினால் நானும் தயங்குவேன். பதில்களை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தகராறு முற்றினால் பயனீட்டாளர் சங்கத்திடமும், அதற்கும் மேல் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைப் பார்க்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திலும் அந்தத் தாள்தான் பேசும். பாஸ்வேர்டைக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். திரை மாற்ற உங்கள் கணக்குக்குள் நுழைய வேண்டிய அவசியமில்லை.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இன்னொரு இடம் உண்டு. 2014-இலிருந்து நடக்கும் ரிப்பேர் கோப்பித்தியாம் கூட்டங்களில் தொண்டூழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்களையே செய்யவைப்பார்கள். அங்கே வருவது பெரும்பாலும் மின்விசிறி, ரைஸ்குக்கர் மாதிரிச் சாமான்கள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகும் முன் கேட்டுவிடுங்கள். ஆனால் ஸ்குரூ டிரைவர் பிடிக்கும் பயம் தெளிய அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

படி 8: சரி, திறக்கலாம்

கருவிகள் அதிகம் வேண்டாம். சின்னத் தலை ஸ்குரூ டிரைவர் செட் ஒன்று, அதில் நட்சத்திர வடிவ டி5-உம், மேக்புக் என்றால் ஐந்திதழ் பி5-உம் இருக்கட்டும். நெம்புவதற்கு காலாவதியான ஈசி-லிங்க் அட்டை போதும். கத்தியோ வெண்ணெய்க் கரண்டியோ எடுக்காதீர்கள், விளிம்பில் வடு விழும்.

ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்குரூவையும் அது இருந்த இடத்தில் டேப்பால் ஒட்டிவையுங்கள். எல்லாம் ஒரே நீளம் என்று நினைப்பீர்கள். இல்லை. 3 மில்லிமீட்டர் இடத்தில் 5 மில்லிமீட்டரைத் திருகினால் அது போர்டைக் குத்தும். ஸ்குரூ தலை வழுக்க ஆரம்பித்தால் முறுக்குவதை உடனே நிறுத்தி, நடுவில் ஒரு ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்புங்கள். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்குரூவை மறந்துவிட்டு மூடியை இழுப்பதுதான் மூடிகள் உடைவதற்கு முக்கியக் காரணம்.

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. மற்றதெல்லாம் அதற்கப்புறம். சில திங்க்பேடுகளில் திறப்பதற்கு முன்பே பயாஸில் பேட்டரியை அணைக்கலாம். ஏர்கான் அறையில் கம்பளத்தில் நடந்துவிட்டு வந்தால் குழாயையோ ஏதாவது வெறும் உலோகத்தையோ தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டு உட்காருங்கள். விசிறியில் காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழலவிட்டால் கெட்டுவிடும்.

பட்டைக் கேபிள்களிடம் மட்டும் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். இதை நான் கற்றது என் பழைய லேப்டாப்பில். விசைப்பலகையின் பட்டைக் கேபிளைப் பிடிக்கும் பூட்டு, நகம் வெட்டினால் விழும் துண்டு அளவுதான், கறுப்பாக. சில மாடலில் அது மேலே தூக்கும், சிலதில் வெளியே நகரும். எது என்று பார்க்காமல் தூக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், துண்டு எங்கேயோ பறந்தது. மனைவி மறுநாள் பெருக்கும்போது கிடைத்தது, ஆனால் காது உடைந்திருந்தது. கடைசியில் தாளை மடித்து, கேபிளோடு சேர்த்துச் செருகி, மஞ்சள் நிற வெப்ப டேப்பால் ஒட்டினேன். அந்த லேப்டாப் இன்றும் ஓடுகிறது, குலுக்காதவரை. பூட்டு எந்தப் பக்கம் திறக்கும் என்று கையேட்டில் பெரிய அம்புக்குறியே போட்டிருந்தது, பிறகுதான் பார்த்தேன்.

பாகத்தை மாட்டியதும் எல்லா ஸ்குரூவையும் போட்டுவிடாதீர்கள். பேட்டரியை இணைத்து, மூடியை மேலே சும்மா வைத்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். டிடிஆர்5 ரேம் புதிதாகப் போட்டிருந்தால் முதல் தடவை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமைப் பழகிக்கொள்ள இயந்திரம் எடுக்கும் நேரம் அது. அதைத் தெரியாமல் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினால் இரவு முழுக்க அதே வேலைதான்.

நடுவில் எப்போது நிறுத்துவது? படத்தில் இல்லாத ஒன்று உள்ளே தெரிந்தால், பலம் போட்டு இழுக்க வேண்டியிருந்தால், இரவு பதினொன்றைத் தாண்டினால். ஸ்குரூத் தாளோடு பெட்டியில் வைத்து, காலையில் தொடருங்கள், அல்லது அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். பாதி பிரித்த லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கிற கடைக்காரர் உண்டு, சரிசெய்ய மறுக்கிறவர் குறைவு.

சரிவராது என்று முடிவாகிவிட்டால்

தூக்கிப்போடும் முன் எஸ்எஸ்டியையோ டிஸ்க்கையோ கழற்றி எடுங்கள். ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டால் அதுவே உங்கள் வெளி டிஸ்க். 2021 ஜூலை 1 முதல் இங்கே மின்கழிவுக்குத் தனி ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. பொது இடங்களில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடலாம். 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய மின்பொருள் கடைகள் கடைக்குள்ளேயே வாங்கிக்கொள்ள வேண்டும். புதிது வாங்கி வீட்டுக்கு வரவழைத்தால் பழையதைக் கட்டணமில்லாமல் எடுத்துப்போகச் சொல்லலாம். உப்பிய பேட்டரியோடு மட்டும் எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள்.

சார்ஜர் நன்றாக இருந்தால் அதைக் கொடுத்துவிடாதீர்கள், முக்கியமாக 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் என்றால். டிராயரில் போட்டு வையுங்கள். வீட்டில் அடுத்த லேப்டாப் உயிர் வராமல் கிடக்கும் அன்று, நான்காவது படிக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.